லைசின் ஆன்டிபாடி: குறை எங்கே, பழி எங்கே?

புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் அசிட்டைல், மெத்தில் போன்ற சிறு வேதிக்குழுக்கள் ஏறும். அந்த மாற்றத்தைப் பிடித்துக் காட்டத்தான் இந்த ஆன்டிபாடிகள். அசிட்டைல்-லைசின் ஆன்டிபாடி போட்ட வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து மெம்பிரேனில் ஏற்றிப் பார்க்கும் சோதனை) பேண்ட் மங்கலாக வந்தால், காலாப்பட்டானாலும் சிதம்பரமானாலும் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் முதலில் சந்தேகப்படுவது ஆன்டிபாடியைத்தான். பல நேரம் தவறு அதற்கு வெகு முன்பே, செல்லை உடைத்த நிமிடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

செல் உடைந்த பிறகும் டீஅசிட்டைலேஸ் நொதிகள் ஓய்வதில்லை. லைசினில் இருக்கும் அசிட்டைலைக் கழற்றிக்கொண்டே இருக்கும். புரதம் சிதையாமல் இருக்க வழக்கமாகப் போடும் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் இதைத் தடுக்காது. "டிரைகோஸ்டாட்டின் ஏ சேர்த்தேனே" என்பார்கள். அது துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் டீஅசிட்டைலேஸ்களை மட்டுமே அடக்கும். சர்டுயின்கள் என்ற இன்னொரு வகை டீஅசிட்டைலேஸ்கள், என்ஏடி என்ற துணை மூலக்கூறைக் கொண்டு இயங்குபவை. அவற்றுக்கு நிகோட்டினமைடு தனியாக வேண்டும். இரண்டையும் செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் அன்றன்றைக்குச் சேருங்கள், குழாய் ஐஸிலேயே இருக்கட்டும். லைசினில் ஏறும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைப் பார்ப்பவர்களுக்கு, அதைக் கழற்றும் நொதிகளைத் தடுக்க என்-எத்தில்மேலிமைடு.

அடுத்த தவறு, லேபிளை அப்படியே நம்புவது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றான எச்3இல், 9ஆம் இடத்து லைசினைச் சுற்றியும் 27ஆம் இடத்து லைசினைச் சுற்றியும் ஒரே மாதிரி அமினோ அமில வரிசைதான் இருக்கிறது: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். எனவே 27இன் டிரைமெத்திலுக்கென்று (மூன்று மெத்தில் ஏறியது) வாங்கிய ஆன்டிபாடி 9இல் உள்ளதையும் பிடிக்கலாம், டைமெத்திலையும் (இரண்டு மெத்தில்) பிடிக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். செல் பிரியும்போது 10ஆம் செரினில் பாஸ்பேட் ஏறும். அப்போது 9இல் மெத்தில் அப்படியே இருந்தாலும் சில ஆன்டிபாடிகளால் அதை நெருங்க முடியாது. சிக்னல் குறைந்ததைப் பார்த்து மெத்தில் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

இதற்கு டாட் பிளாட் போதும், செலவும் குறைவு. மாற்றமே இல்லாத பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு), மோனோ, டை, டிரைமெத்தில் பெப்டைடுகள், கூடவே அந்த இன்னொரு இடத்தின் பெப்டைடு. எல்லாவற்றையும் படிப்படியாக நீர்த்து, ஒரே மெம்பிரேனில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். இதைச் செய்யாமல் வரைந்த பார் கிராஃபை நான் நம்பமாட்டேன்.

ஹிஸ்டோனுக்கு ஆக்டின் புரதத்தை மட்டும் லோடிங் கன்ட்ரோலாக (எல்லா மாதிரியும் சம அளவில் ஏற்றப்பட்டதா என்று காட்டும் ஒப்பீடு) வைப்பதும் பரவலாக இருக்கிறது. மாற்றம் கூடியதா, புரதமே கூடியதா என்று பிரித்துச் சொல்ல, மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்த்துப் பார்க்கும் மொத்த எச்3 அளவு வேண்டும். ஹிஸ்டோன்கள் சிறியவை, எச்3 சுமார் 15 கிலோடால்டன்தான். பெரிய துளையில் நழுவிவிடாதபடி மெம்பிரேன் 0.2 மைக்ரான் துளையாக இருக்கட்டும்.

மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அசிட்டைல் ஏறினால் எடை 42.011 டால்டன் கூடும், டிரைமெத்தில் ஏறினால் 42.047. துல்லியம் குறைந்த கருவி இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

நம் கடலோரத்துக்கென்று ஒரு கவலையும் உண்டு. 2011இல் ‘தானே’, 2024இல் ‘ஃபெஞ்சல்’ என்று புயல் வந்தால் மின்சாரம் போகும். ஃப்ரீசரில் இருப்பது உருகி மறுபடி உறையும். உறையாமல் காக்கும் கிளிசரால் இல்லாத ஆன்டிபாடியை வாங்கிய அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. ஒவ்வொரு குப்பியிலும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை எழுதுங்கள். பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனல் என்றால் லாட் மாறும்போது ஆன்டிபாடியே மாறிவிடக்கூடும். டாட் பிளாட்டை மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.