பழைய மென்பொருளைக் கையேட்டிலிருந்து படிப்பது எப்படி? யூனிக்ஸை வைத்து ஒரு பயிற்சி

பழைய மென்பொருள் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் நேராகக் கோடுக்குள், அதாவது நிரலுக்குள், இறங்கிவிடுகிறார்கள். முதலில் திறக்க வேண்டியது அதன் கையேட்டைத்தான். அதிலும், டிஸ்கில் எது எப்படி எழுதப்படுகிறது என்று சொல்லும் பக்கத்தை. அது தெரிந்தால் கோடில் பாதி தானாகவே விளங்கும்.

பயிற்சிக்கு, 1975-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். 2002-இல் இதன் மூலநிரல் தாராளமான உரிமத்தில் வெளியானது. பழைய கணினியைப் போல நடிக்கும் சிம்ஹெச் (SIMH) என்ற எமுலேட்டர் இருந்தால் உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

படி 1: சரியான பிரிவுக்குப் போங்கள்

கையேட்டில் எட்டுப் பிரிவுகள். முதலாவதில் கமாண்டுகள், இரண்டாவதில் சிஸ்டம் கால்கள் (system calls), அதாவது நிரல்கள் இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கைகள். நமக்கு வேண்டியது ஐந்தாவது: ஃபைல் வடிவங்கள்.

படி 2: டைரக்டரி பற்றிய பக்கத்தை வாசியுங்கள்

மிகச் சிறிய பக்கம்தான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கனம் உண்டு. டைரக்டரியில் ஒரு பதிவுக்கு 16 பைட். முதல் 2 பைட்டில் ஐநோட் எண் (ஃபைலின் விவரங்கள் டிஸ்கில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் எண்), மீதி 14 பைட்டில் ஃபைலின் பெயர். எண் பூஜ்யமாக இருந்தால் அந்த இடம் காலி. பெயர் ஏன் 14 எழுத்தைத் தாண்டாது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

படி 3: சொன்னது உண்மையா என்று பாருங்கள்

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கையேடு பழசாகி, கோடு வேறு பக்கம் போயிருக்கலாம். ஒரு ஃபைலை உருவாக்கி, பைட்டுகளை அப்படியே காட்டும் 'ஓடி' (od) கமாண்டை 'சி' (-c) ஆப்ஷனோடு அந்த ஃபைல் இருக்கும் டைரக்டரி மேல் ஓட்டுங்கள். அப்புறம் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெயர் அப்படியே இருக்கும். முன்னால் இருந்த இரண்டு பைட் மட்டும் பூஜ்யமாகியிருக்கும். அழிப்பது என்றால் இங்கே அவ்வளவுதான்!

படி 4: இப்போது கோடைத் திறங்கள்

கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், 'நேம்ஐ' (namei) என்ற ஃபங்ஷனைத் தேடுங்கள். ஃபைல் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடுவது இதன் வேலை. நடுவில் ஐநோட் எண் பூஜ்யமா என்று ஒரு சோதனை வரும். பூஜ்யமென்றால், முதலில் கண்ட காலி இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த பதிவுக்குத் தாவும். புது ஃபைல் உருவாகும்போது அதன் பெயர் அந்த இடத்தில்தான் போய் உட்காரும். கையேடு இல்லாமல் வந்திருந்தால், அந்தப் பூஜ்யம் எதற்கு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்.

படி 5: 'பக்ஸ்' (BUGS) பகுதி

கையேட்டின் பல பக்கங்களின் கடைசியில் இந்தத் தலைப்பு இருக்கும். தெரிந்த குறைகளை எழுதியவர்களே அங்கே சொல்லியிருப்பார்கள். எந்த வரியிலும் கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.