ரோஜாப் பாத்தி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

தள்ளுவண்டியில் செடி விற்பவரிடம் ஒரு ரோஜாவாவது வாங்கி ஏமாறாத வீடு எங்கள் தெருவில் இல்லை. "வருஷம் பூரா பூக்கும் அக்கா, தண்ணி ஊத்தினா போதும்" என்பார். செடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பூ இருக்கும். அந்தப் பூ உதிர்ந்த கையோடு செடியும் போய்ச் சேரும்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி எனக்கு 8 அடிக்கு 3 அடி மண் தரை உண்டு. முதல் தடவை அதில் 12 நிறத்தில் 12 செடி வைத்தேன். ஒரு வெயில் காலம் தாண்டியபோது நான்கு மிஞ்சின. அந்த நான்கிலும் ஒன்று காடு மாதிரி வளர்ந்ததே தவிர, ஒரு மொட்டுக்கூட விடவில்லை. இப்போது அதே இடத்தில் ஏழு செடிகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது போக வாரத்துக்குப் பத்து நிமிட வேலைதான். நடுவில் என்ன மாறியது என்று யோசித்தால், நான் புதிதாகச் செய்ய ஆரம்பித்தவற்றைவிடச் செய்யாமல் விட்டவைதான் அதிகம்.

முதல் தவறு, பூவைப் பார்த்து வாங்கியது. ஒரு காம்பில் ஒரு பெரிய பூ விடும் ரோஜாவை ஹைபிரிட் டீ என்பார்கள். பூங்கொத்துக்கு அழகு, போட்டிக்கு அழகு. ஆனால் ஒரு பூ போனால் அடுத்தது வரும்வரை பாத்தி மொட்டையாக நிற்கும். பாத்தி நிறைய நிறம் வேண்டுமென்றால் கொத்துக் கொத்தாகப் பூப்பதைத்தான் வாங்க வேண்டும். புளோரிபண்டா என்ற வகையே இதற்காக உருவானதுதான். டென்மார்க்கின் பௌல்சன் குடும்பத்தார், சின்னப் பூக்களைக் கொத்தாக விடும் ரோஜாவையும் ஹைபிரிட் டீயையும் கலந்து 1920களில் இதைப் பிரபலமாக்கினார்கள். வெள்ளையில் 'ஐஸ்பெர்க்' உலகம் முழுக்கத் தெரிந்த ரகம். 1958இல் ஜெர்மனியில் வந்தது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தந்த 'பஞ்சாரன்', 'மோகினி' இரண்டும் இந்த வகைதான். நர்சரியில் ரகப் பெயர் சொன்னால் பாதி இடங்களில் விழிப்பார்கள். "கொத்தா பூக்கிறது குடுங்க", "பட்டன் ரோஸ் குடுங்க" என்றால் புரியும். ஒரே காம்பில் நான்கைந்து மொட்டுகளும், அடியிலிருந்து குறைந்தது மூன்று கிளைகளும் இருக்கிற செடியாகப் பாருங்கள். பூ இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்த்ததை அப்படியே இங்கே கொண்டுவர ஆசைப்படுவதும் இதோடு சேர்ந்த தவறு. நானும் பட்டிருக்கிறேன். அது 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். அங்கே கருஞ்சிவப்பாக ஜொலிக்கிற இதழ், அக்னி நட்சத்திரத்தில் இங்கே ஓரம் கருகி அட்டை மாதிரி ஆகிவிடும். சமவெளியில் இளஞ்சிவப்பும் வெள்ளையும்தான் எனக்குக் கைகொடுத்தன.

அடுத்தது நடுகிற விஷயம். நம் ஊருக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து வருபவை. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையோடு வரும். லாரியில் வர அது வசதி. ஆனால் அந்த உருண்டையை அப்படியே பாத்தியில் புதைத்தால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தாலும் உள்ளே காய்ந்து கல்லாகிவிடும், இல்லையென்றால் நீர் தேங்கி வேர் அழுகும். நான் பிடுங்கிப் பார்த்த செத்த செடிகள் எல்லாவற்றிலும் அந்த உருண்டை புதைத்த மாதிரியே இருந்தது. ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. இப்போதெல்லாம் செடியை ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, நடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவைக்கிறேன். களி தானாகக் கரையும். வேரை இழுக்காமல் விரலால் ஓரங்களை மட்டும் உதிர்த்துவிட்டால் போதும்.

அதே நேரத்தில் தண்டின் அடியையும் பாருங்கள். ஒரு முண்டு மாதிரி இருக்கும், அதுதான் ஒட்டு, அதாவது பூக்கும் ரகத்தை வேறு ஒரு செடியின் தண்டோடு சேர்த்துக் கட்டிய இடம். சில சமயம் ஒட்டுக்கட்டிய பிளாஸ்டிக் நாடா அப்படியே சுற்றியிருக்கும். தண்டு பருத்தால் அது கழுத்தை இறுக்கும், பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். இங்கேதான் வெளிநாட்டு வீடியோக்கள் குழப்புகின்றன. ஒட்டை மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். அவர்களுக்குப் பனியில் ஒட்டு உறைந்து செத்துவிடும் என்ற பயம். நமக்கு அந்தப் பயம் எதற்கு? மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிகிற மாதிரி நடுங்கள். புதைத்தால் அழுகல் வரும், கூடவே இன்னொரு தொல்லையும் வரும்.

அந்தப் பூக்காத செடியின் கதை இதுதான். ஒட்டுக்குக் கீழே இருப்பது வேறு ஒரு காட்டு ரோஜா. அதன் வேர்ப் பலத்துக்காக மட்டுமே வைத்திருப்பார்கள். அதிலிருந்து கிளம்பிய ஒரு துளிரை, "ஆகா, என்ன வேகமாக வளர்கிறது" என்று ஆறு மாதம் தண்ணீரும் உரமும் விட்டு வளர்த்தேன். மேலே இருந்த நல்ல செடி பட்டினியில் செத்துப்போனது. ஒரு இலைக்காம்பில் ஐந்து இலை என்றால் நல்ல கிளை, ஏழு இலை என்றால் காட்டுக் கிளை என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு இலை வருவது உண்டு. கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டு முண்டுக்குக் கீழே என்றால், மண்ணை விலக்கி, தண்டோடு சேரும் இடத்தில் பிடித்து, கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் நறுக்கினால் அடுத்த மாதம் ஒன்றுக்கு மூன்றாக வரும்.

இடைவெளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொத்து ரோஜாவுக்கு 2 அடி, பட்டன் ரோஜாவுக்கு 1 அடி. குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். என் ஏழு செடியும் முன்வரிசையில் நான்கு, பின்வரிசையில் அந்த இடைவெளிகளுக்கு நேராக மூன்று என்று நிற்கின்றன. இரண்டே நிறம்தான். நிறத்துக்கு ஒன்றாக 12 வைத்தபோது பாத்தி நர்சரி மாதிரி இருந்தது, தோட்டம் மாதிரி இல்லை.

தண்ணீரில் இரண்டு தவறு நடக்கும். ஆபீஸ் விட்டு வந்து ஹோஸ் பைப்பால் செடியைக் குளிப்பாட்டுவது ஒன்று. கரும்புள்ளி நோய்ப் பூஞ்சைக்கு இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும். ராத்திரி முழுக்க ஈரத்தை நாமே ஏற்பாடு செய்து தருகிறோம். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். இலையை நனைக்க ஒரே ஒரு சமயம்தான் நல்லது: கோடையில் இலைக்கு அடியில் செம்பேன் சேரும்போது, காலை வேளையில் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சி அடிக்கலாம்.

இன்னொன்று போர் தண்ணீர். உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் சேரச் சேர, மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உடனே யூரியா போடுவார்கள். அது இதற்கு மருந்து இல்லை. மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகப் போட்டு, கிடைக்கிறபோது மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். இரண்டு மூன்று மாதத்தில் புதுத் துளிர் பச்சையாக வந்தது.

சமையலறைக் கழிவு பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளை அப்படியே செடிக்கடியில் கொட்டினால் முதலில் வருவது எறும்பு. பின்னாலேயே மாவுப்பூச்சியும் அசுவினியும் வரும். அவற்றை எறும்பு மாடு மேய்ப்பது போல மேய்க்கும். முட்டை ஓடு கெடுதல் இல்லை, ஆனால் மக்குவதற்கு ரொம்ப காலம் ஆகும், பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் மக்கவைத்துப் போடுங்கள். மாதம் ஒரு தடவை இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போதும்.

கடைசியாகக் கத்தரி. வெட்ட மனம் வராததுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. கொத்தில் நடுப்பூ முதலில் வாடும். அதை மட்டும் கிள்ளிவிட்டால் சுற்றியுள்ள மொட்டுகள் விரியும். கொத்து முழுக்க முடிந்ததும், கீழே வெளிப்பக்கம் பார்த்த முதல் நல்ல ஐந்திலைக்கு மேலே நறுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கவாத்து: வடகிழக்கு மழை ஓய்கிற சமயம், டிசம்பர் முதல் வாரம் நான் செய்வது. காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிய கிளை எல்லாவற்றையும் எடுத்து, மீதியைப் பாதி உயரத்துக்குக் குறைப்பேன். வெட்டுவாயில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்காமல் இருக்க, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவுவேன். முதல் வருடம் மொட்டைக் குச்சிகளைப் பார்த்து மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கவாத்து செய்து சுமார் 45 நாளில் பூக்கும், அதாவது பொங்கலை ஒட்டி.

வெட்டிய பட்டன் ரோஜாக் குச்சிகளைத் தூக்கி எறியாதீர்கள். நோயில்லாத, முற்றிய குச்சியாகப் பார்த்து ஆறு அங்குலத்துக்கு நறுக்கி, ஈர மணலில் பாதி புதைத்து நிழலில் வையுங்கள். பத்தில் நாலைந்து வேர் பிடிக்கும். அது சொந்த வேரில் நிற்கும் செடி, ஒட்டே கிடையாது. அடியில் எந்தத் துளிர் வந்தாலும் அது பூக்கிற துளிர்தான்.