ஆய்வேட்டுக்கு முன் தனியாக உட்கார்ந்து படிப்பது எப்படி?

முதுகலை ஆய்வேடு என்றதும் நெறியாளர் முதலில் சொல்வது, "லிட்ரேச்சர் படிச்சுட்டு வாங்க." அதாவது, அந்த விஷயத்தில் ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளை. எதைப் படிப்பது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான். நானும் அப்படித்தான் கிளம்பினேன். இரண்டு மாதத்தில் 84 பிடிஎஃப் சேர்ந்தது. பாதிக்குப் பெயர் 'டவுன்லோட்', மீதிக்கு வெறும் எண்கள். எழுத உட்கார்ந்த அன்று, எங்கோ படித்த ஒரே ஒரு வரியைத் தேடி இரண்டு நாள் போனது. கிடைக்கவில்லை. அந்த வரியையே வெட்டிவிட்டேன்.

நிறையப் படித்திருந்தேன், ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை. கீழே வரும் படிகளில் பாதி அந்தத் தவறிலிருந்து பிறந்தவை.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

'கைபேசியும் தூக்கமும்' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. 'படுத்த பிறகு கைபேசி பார்க்கும் கல்லூரி மாணவர்களுக்குத் தூக்கம் வரத் தாமதமாகிறதா?' என்பது கேள்வி. யாரை, எதை, எந்த விளைவை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த வரி பின்னால் மாறும், மாறட்டும். ஆனால் அது இல்லாமல் தேட உட்கார்ந்தால் கண்ணில் பட்டதெல்லாம் முக்கியமாகத் தெரியும்.

கேள்வியை நெறியாளரிடம் காட்டும்போதே இன்னும் இரண்டைக் கேட்டுவிடுங்கள். முடிவில் என்ன தரவேண்டும், எத்தனை பக்கம்? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பது? பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி அவருக்கு அனுப்பிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

படி 2: தேடும் சொற்கள்

ஒரே விஷயத்தை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயரில் அழைக்கும். கேள்வியில் உள்ள முக்கியச் சொல் ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களை எழுதுங்கள். கைபேசிக்கு ஸ்மார்ட்போன், மொபைல், ஸ்க்ரீன் டைம். தூக்கத்துக்கு ஸ்லீப், இன்சோம்னியா (தூக்கமின்மை), ஸ்லீப் லேட்டன்சி (தூக்கம் வர ஆகும் நேரம்). ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, அந்தக் கூட்டங்களை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். பெரும்பாலான தரவுத்தளங்களில், அதாவது கட்டுரைகளைத் தேடும் தளங்களில், இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பது பாதுகாப்பு. இரண்டு சொற்கள் சேர்ந்தே வரவேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அங்கே லட்சக்கணக்கில் முடிவு காட்டினாலும் முதல் ஆயிரத்தைத்தான் பார்க்க முடியும். அதனால் உங்கள் துறைக்கான தரவுத்தளத்திலும் தேடுங்கள். மருத்துவம் சார்ந்தது என்றால் பப்மெட், கல்வியியல் என்றால் எரிக். எது சரி என்று நூலகரைக் கேளுங்கள். மாணவர்கள் கடைசியாகத் தேடிப் போகும் ஆள் அவர்தான், முதலில் போயிருக்க வேண்டிய ஆளும் அவரே.

ஒவ்வொரு தேடலையும் ஒரு பதிவேட்டில் குறியுங்கள்: தேதி, தரவுத்தளம், அடித்த சொற்கள், எத்தனை வந்தன, எத்தனை எடுத்தேன். ஒரு தேடலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

படி 3: வேரும் கிளையும்

முதலில் இரண்டு மூன்று மீளாய்வுக் கட்டுரைகளைப் பிடியுங்கள். ஒரு துறையில் அதுவரை நடந்ததை மொத்தமாகத் தொகுத்துச் சொல்பவை அவை. அவற்றின் அடைவில் (கடைசியில் வரும் மேற்கோள் நூல் பட்டியலில்) திரும்பத் திரும்ப வரும் கட்டுரைகள்தான் வேர். அப்புறம் அந்த வேர்க் கட்டுரை ஒவ்வொன்றையும் கூகுள் ஸ்காலரில் திறந்து 'சைட்டட் பை'யைச் சொடுக்குங்கள்; அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் வரும். பின்னால் வந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது தெரியும். சொல் போட்டுத் தேடியதைவிட இந்த வழியில் எனக்கு நல்ல கட்டுரைகள் அதிகம் கிடைத்தன.

படி 4: மூன்று சுற்று வாசிப்பு

எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முடிவுரை மட்டும். பத்து நிமிடத்தில் வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாம். இரண்டாம் சுற்றில் அட்டவணைகளும் ஆய்வு முறையும். மூன்றாம் சுற்று, அதாவது வரி வரியாகப் படிப்பது, கேள்விக்கு மிக நெருக்கமான பத்துப் பதினைந்துக்கு மட்டும் போதும்.

படி 5: அட்டவணை

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். ஒரு விரிதாளில் கட்டுரைக்கு ஒரு வரிசை. என் அட்டவணையின் கற்பனை மாதிரி இது:

கேள்வி: இரவில் கைபேசி பார்த்தால் தூக்கம் தாமதமாகிறதா. யார்: 120 கல்லூரி மாணவர்கள். எப்படி அளந்தார்கள்: அவர்களே படிவத்தில் குறித்தது. கண்டது: தாமதமாகிறது. பலவீனம்: கருவியால் அளக்கவில்லை, தூக்கம் வராததால் கைபேசி எடுத்தார்களா என்று பிரிக்க முடியாது. எனக்கு எதற்கு: அளவீட்டுச் சிக்கலைப் பேச, பக்கம் 6.

'பலவீனம்', 'எனக்கு எதற்கு' ஆகிய கடைசி இரண்டு கட்டங்களையும் உங்கள் சொந்த வார்த்தையில் நிரப்புங்கள். சுருக்கத்தை வெட்டி ஒட்டினால் ஒரு மாதம் கழித்து அது யார் எழுதியது என்றே தெரியாது. ஒருவரின் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அந்த நொடியே போட்டுவிடுங்கள். எழுத்துத் திருட்டு என்று பின்னால் பிடிபடுவதில் பல இந்தக் கவனக்குறைவுதான்.

இருபது வரிசை நிரம்பியதும் ஒரு நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 'எப்படி அளந்தார்கள்' என்பதில் பதினெட்டு பேர் படிவம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், சரி, உங்கள் ஆய்வு இடைவெளி, அதாவது இன்னும் யாரும் சரியாகத் தொடாத இடம், அங்கே இருக்கலாம்.

கட்டுரைகளைச் சேமிக்க சோட்டெரோ என்ற மென்பொருள் போதும். இலவசம், அடைவையும் அதுவே போட்டுத் தரும். திரும்பப் பெறப்பட்ட, அதாவது நம்பத் தகாதது என்று இதழே விலக்கிக்கொண்ட, கட்டுரைகளை எச்சரித்துக் காட்டும் வசதியும் உண்டு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நினைத்தால் இந்த வசதியின் அருமை புரியும்.

படி 6: மூலத்துக்குப் போங்கள்

பசலைக்கீரையில் இரும்புச்சத்து ஏராளம் என்று பரவியதற்கு, பழைய ஆய்வு ஒன்றில் தசமப் புள்ளி இடம் மாறியதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அப்படி எழுதிய கட்டுரை சான்று எதுவும் தரவில்லை. மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் 2010இல் மூலத்தைத் தேடிப் போனபோது, அந்தத் தசமப் புள்ளித் தவறுக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. தவறைத் திருத்துவதாகச் சொன்ன கதையைப் பலரும் சரிபார்க்காமலே எடுத்தாண்டிருந்தார்கள். 'அ சொன்னதாக ஆ எழுதினார்' என்று கண்டால் அ-வைத் திறந்து பாருங்கள்.

படி 7: நிறுத்துவதும் எழுதுவதும்

புதிதாகத் தேடும்போது வருவதெல்லாம் ஏற்கெனவே அட்டவணையில் இருப்பவை என்றால் நிறுத்துங்கள். எழுதும்போது 'இவர் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அப்படிச் சொன்னார்' என்று ஆள் ஆளாக அடுக்க வேண்டாம். படிவத்தால் அளந்தவர்கள் ஒரு பத்தி, கருவியால் அளந்தவர்கள் ஒரு பத்தி, இருவரும் முரண்படும் இடம் ஒரு பத்தி என்று விஷயவாரியாகப் பிரித்தால் எழுத்து தானாக நகரும்.

ஆய்வேடு சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது பதிவேட்டைத் திறந்து, அதே சொற்களை ஆண்டு வரம்பு மட்டும் மாற்றி மறுபடி தேடுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் உங்கள் கேள்வியையே வேறு யாராவது எடுத்திருந்தால், தேர்வாளருக்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிடும்.