வீட்டு மைக்கில் இரைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதிவில் இரைச்சல் கேட்டதும் பலர் செய்யும் முதல் வேலை, அடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளைத் திறந்து நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போடுவது. அதில் சரியாகாவிட்டால், மைக்தான் மோசம் என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்குவது. புது மைக்கிலும் அதே இரைச்சல் வந்து நிற்கும். மாறியது மைக் மட்டும்தானே? சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், மைக் சிக்னலைப் பெருக்கும் கெயின் குமிழ், உட்காரும் இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

பொதுவாக ‘இரைச்சல்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அடியில் ‘ஊம்’ என்று ஓடுவதும், ‘கிர்ர்’ என்று அறுப்பதும், மணல் கொட்டுவதுபோல ‘உஸ்ஸ்’ என்று வருவதும், ‘டப்’ என்று வெடிப்பதும் வெவ்வேறு வியாதிகள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

தலையணையில் தொடங்குங்கள்

வழக்கமாக வைக்கும் கெயினிலேயே, பேசாமல் 10 விநாடி பதிவுசெய்யுங்கள். பிறகு மைக்கை இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்து, மேலே கனமான போர்வையைப் போட்டு மூடி, இன்னொரு 10 விநாடி. இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரைச்சல் நன்றாக அமுங்கியிருந்தால் அது அறையிலிருந்து காற்று வழியே வருவது: ஃபேன், ஏசி, லேப்டாப் விசிறி, தெரு. துளியும் குறையவில்லை என்றால் கம்பி வழியாகவோ கருவிக்குள்ளிருந்தோ வருகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சார்ஜர் வழியே வரும் ‘ஊம்’ சத்தத்தை, அதாவது ஹம்மை, ஸ்பாஞ்ச் என்ன செய்யும்?

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? அந்த மௌனப் பதிவைத் தேர்ந்தெடுத்து, அடாசிட்டியின் ‘அனலைஸ்’ மெனுவில் ‘ப்ளாட் ஸ்பெக்ட்ரம்’ போய், சைஸை 16384 என்று வையுங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசி ஊசியாக நின்றால் மின்சார ஹம். 1000 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நின்றால் யுஎஸ்பி வழியே வரும் சிணுங்கல். ஊசி எதுவும் இல்லாமல் பாய் விரித்ததுபோலப் பரவியிருந்தால் அது ஹிஸ், மேலே சொன்ன ‘உஸ்ஸ்’.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 60 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டால் நம் ஊர் ஹம்மில் ஒரு நூல்கூட அறுபடாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் பொத்தானும் பாதி வேலைதான் செய்யும். 50 நன்றாகக் குறையும், 100-ம் 150-ம் குரலோடு கலந்து அப்படியே இருக்கும்.

சார்ஜர், எர்த், ரெகுலேட்டர்

ஹம் என்று தெரிந்ததும் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சட்டென்று அமைதியானால் திருடன் அகப்பட்டான். இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது. அதனுள்ளே இருக்கும் சிறிய கப்பாசிட்டர் வழியாக மிகக் குறைந்த மின்னோட்டம் லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வந்து, யுஎஸ்பி கேபிள் ஏறி ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) நுழைகிறது. சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் ஓரத்தைத் தடவினால் விரலில் ‘சுர்ர்’ என்று ஓடுமே, அதேதான்.

இன்னொரு அடையாளம்: மைக்கின் உலோகப் பகுதியையோ இன்டர்ஃபேஸின் உடம்பையோ கையால் தொட்டதும் ஹம் குறைகிறதா? அப்படியென்றால் கருவிக்குக் கிடைக்காத எர்த் வேலையை உங்கள் உடம்பு பார்க்கிறது. வீட்டு சாக்கெட்டில் எர்த் கம்பி உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று ஓட்டை இருக்கிறது என்பதற்காகப் பின்னால் எர்த் இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய வீடுகளில் அந்த ஓட்டை வெறும் அலங்காரமாகவே இருப்பதுண்டு.

செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு. ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைப்பது, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவது. ஹம் போகவும் செய்யும், அதுதான் ஆபத்து. கருவிக்குள் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ட் நேராக மைக்கின் உடம்பில் வந்து நிற்கும், உங்கள் உதடு அதற்கு நாலு விரல்கடை தூரத்தில் இருக்கும்போது. மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள். ஒன்று ஹாலிலும் ஒன்று படுக்கையறையிலும் சொருகப்பட்டிருந்தால் இரண்டு எர்த்துக்கு நடுவே ஒரு சுற்று உண்டாகி அதில் ஹம் ஓடும். எதுவும் கைகொடுக்காவிட்டால் பேட்டரியில் பதிவுசெய்துவிட்டு, எடிட்டிங்கின்போது சார்ஜரை மாட்டிக்கொள்ளுங்கள்.

‘ஊம்’ இல்லாமல் ‘கிர்ர்’ என்று அறுக்கும் சத்தமா? ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பாருங்கள். படி இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின்னலையை விநாடிக்கு 100 முறை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு மைக் கேபிளில் ஏறுகிறது. முழு வேகத்தில் வைத்தால் அறுப்பு அடங்கி, நடு வேகத்தில் உச்சத்துக்குப் போனால் சந்தேகமே வேண்டாம். ‘டக் டக்’ என்று நாலைந்து நிலையில் நிற்கும் கப்பாசிட்டர் ரக ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மங்கலாக்கும் வசதியுள்ள விளக்குகளும் இதே கதை. கரண்ட் போன நேரத்தில் மட்டும் சத்தம் கூடினால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகமா என்று பாருங்கள். அதில் ஃபேனே உறுமும்; பதிவு உறுமுவதில் வியப்பில்லை.

யுஎஸ்பி சிணுங்கலுக்கு வைத்தியம் சுருக்கமானது: ஹப்பை விட்டுவிட்டு நேராக லேப்டாப்பில் சொருகுங்கள், வேறு போர்ட், வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். ஹப் வேண்டியே ஆக வேண்டும் என்றால் தனி அடாப்டர் உள்ளதாக இருக்கட்டும்.

ஹிஸ்: குமிழில் இல்லை, தூரத்தில்

மைக்கை மேசையின் அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, குரல் சிறியதாக இருக்கிறதே என்று கெயினை ஏற்றுவதுதான் ஹிஸ்ஸுக்குப் பெரும்பாலும் காரணம். கெயின் குரலை மட்டும் தூக்காது. அறையையும், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பின் சொந்த இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 60 செ.மீ. தூரத்தில் இருப்பதை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் சும்மா கிடைக்கிறது, அந்த அளவு கெயினைக் குறைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையை விரித்தால் ஒரு சாண். அதைவிடச் சற்றுக் குறைவான தூரம் போதும். வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் ‘ப’, ‘ப்ப’ வரும்போது காற்று அடிக்காது.

24 பிட்டில் பதிவுசெய்து, உரத்துப் பேசும் இடங்கள் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கும்படி கெயினை வைத்தால் சரி. மீட்டர் சிவப்பைத் தொட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பேச்சு நின்ற அரை விநாடியில் இரைச்சல் மெல்ல மேலே ஏறி, பேசத் தொடங்கியதும் கீழே இறங்குகிறதா? அது மைக்கின் குற்றமில்லை. கம்ப்யூட்டரோ செயலியோ தானாகவே கெயினை ஏற்றி இறக்குகிறது. விண்டோஸில் மைக்கின் ப்ராபர்ட்டீஸில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அங்கேயே ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ +20, +30 என்று இருந்தால் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். வீடியோ கால் செயலிகளிலும் இதே தானியங்கி வசதி உண்டு.

மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் ரக மைக் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸ் தருவது 56. குமிழைக் கடைசிவரை திருகினாலும் போதாது, அந்தக் கடைசித் திருகலில்தான் ஹிஸ் குடியிருக்கிறது. நடுவில் கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் போன்ற ஒரு முன்பூஸ்டர் போட்டால் 25 டெசிபல் அளவுக்குக் கிடைக்கும். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட்டை (மைக் கேபிள் வழியாகவே போகும் ஃபேன்டம் பவர்) போட மறக்காதீர்கள். அந்த பூஸ்டர் அதில்தான் ஓடுகிறது.

மலிவு மைக்கும் 3.5 மி.மீ. ஜாக்கும்

பிஎம்-800 என்ற பெயரில் விற்கும் கண்டென்சர் மைக் (வெளியிலிருந்து மின்சாரம் வேண்டிய ரகம்), கூடவே வரும் கேபிளால் லேப்டாப் ஜாக்கில் சொருகினாலும் வேலை செய்யும், அதுதான் பிரச்சினை. சில வோல்ட்டில் அது முனகுகிறது, நாம் பூஸ்ட்டை முழுக்க ஏற்றுகிறோம், கேட்பது லேப்டாப்பின் சவுண்ட் கார்டு இரைச்சல். 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தரும் ஒரு சின்ன இன்டர்ஃபேஸில் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளால் இணைத்தால் அதே மைக் அடையாளம் தெரியாமல் மாறும். எக்ஸ்எல்ஆரில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் வருவதால், வழியில் ஏறும் ஹம் மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துவிடும். 3.5 கேபிளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னொன்று, இந்த மைக்கின் உச்சந்தலையில் பேசக் கூடாது. பக்கவாட்டில்தான் பேச வேண்டும்.

காலர் மைக் வைத்திருப்பவர்கள் பிளக்கில் உள்ள கோடுகளை எண்ணுங்கள். மூன்று கோடு இருந்தால் ஃபோனுக்கானது. அதை டெஸ்க்டாப்பின் பிங்க் ஓட்டையில் நேரடியாகச் சொருகினால் மைக் முனை கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டு குரலே வராது. பூஸ்ட்டை ஏற்ற ஏற்ற இரைச்சல் மட்டும் வரும். மைக், ஹெட்ஃபோன் என்று இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். பாயா பிஒய்-எம்1 என்றால் கேபிளில் இருக்கும் சின்னப் பெட்டியின் சுவிட்ச் ஃபோனுக்கு ‘ஸ்மார்ட்ஃபோன்’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவுக்கு மறுபக்கம், அப்போது உள்ளே இருக்கும் எல்ஆர்44 பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் சத்தம் கெடும்.

மேலே சுற்றும் ஃபேன்

ஃபேனை நிறுத்தினால் வியர்க்கும், நிறுத்தாவிட்டால் கேட்கும். நடுவழி ஒன்று இருக்கிறது. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். மேசையிலிருந்து வாயை நோக்கி அண்ணாந்து பார்க்கும் மைக், உங்கள் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனையும் சேர்த்தே பார்க்கிறது. நுனியில் பேசும் ரக மைக்கை ஸ்டாண்டில் மேலிருந்து வாயை நோக்கிச் சாய்த்தால் முதுகு ஃபேன் பக்கம் போகும். பக்கவாட்டு மைக் என்றால் செங்குத்தாகத் தொங்கவிடாமல், பின்பக்கம் ஃபேனைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். காற்று நேரே படாமல் இருக்கவும் வேண்டும். மைக்கில் காற்று மோதும் ‘பொத பொத’வை மென்பொருளால் முழுதாக எடுப்பது கடினம்.

முட்டை அட்டையை நம்பாதீர்கள். அது தெருச் சத்தத்தைத் தடுக்காது, அறையின் எதிரொலியையும் பேருக்குத்தான் குறைக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் பேசுவது மேல். கதவுக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள்.

வெடிப்பும் படபடப்பும்

கேபிளை ஆட்டினால் ‘கரகர’ என்றால் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது. ஆட்டாமலே ‘டிக் டிக்’ என்றால் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபரை (ஒலியைச் சற்றுத் தேக்கிவைக்கும் அளவு) 128-லிருந்து 256 அல்லது 512 ஆக்குங்கள். விண்டோஸிலும் மென்பொருளிலும் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) ஒன்றாக இருக்கிறதா, ஒன்று 44.1 இன்னொன்று 48 கிலோஹெர்ட்ஸா என்று பாருங்கள். ‘டிடிக் டிடிக் பர்ர்’ என்பது பக்கத்தில் கிடக்கும் ஃபோன். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

மழைக்காலத்தில் கண்டென்சர் மைக் மட்டும் பொரிவதுபோலப் படபடத்தால் உள்ளே ஈரம். ஏசி அறையில் குளிர்ந்த மைக்கை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்த உடனே பதிவுசெய்தாலும் இப்படி ஆகும். அரை மணி நேரம் விடுங்கள். மற்ற நேரங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதைத்தான் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 10 விநாடி பேசாமல் இருந்து, அந்தத் துண்டை மாதிரியாகக் கொடுத்து, 6 முதல் 12 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள். 24 என்று இழுத்தால் தண்ணீருக்குள் பேசுவதுபோலக் குரல் கொழகொழக்கும். உரத்த ஒலியையும் சிறிய ஒலியையும் ஒரே மட்டத்துக்கு நெருக்கும் கம்ப்ரஸரைப் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கம்ப்ரஸர் 10 டெசிபல் தூக்கினால் வாக்கியங்களின் இடைவெளியில் இரைச்சலும் அதே 10 டெசிபல் ஏறியிருக்கும்.