ஜப்பான் காரா, செங்கல்பட்டுக் காரா? இறக்குமதி வரிக் கணக்கு

எங்கள் காரைக்குடி வீட்டு வளவுச் சுவரில் பூப்போட்ட பழைய ஓடுகள் உண்டு. ஐயா பர்மாவில் கடை வைத்திருந்ததால் அவற்றை ‘ரங்கூன் ஓடு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒருநாள் ஓர் ஓடு பெயர்ந்து விழுந்தது. பின்பக்கம் ஜப்பானில் செய்தது என்று அச்சு!

போன மாதம் பினாங்கிலிருந்து அயித்தான் போன் செய்தார். மகள் கல்யாணத்துக்குள் தன் காரைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவர வேண்டுமாம். “மலேசியக் கார்தானே, ஆசியான் சலுகை இருக்குமே?” என்றார். தென்கிழக்கு ஆசிய நாடுகளில் செய்த பொருளுக்கு ஒப்பந்தப்படி கிடைக்கும் வரிக் குறைப்பைத்தான் சொல்கிறார். எனக்கு அந்த ஓடுதான் ஞாபகம் வந்தது. அவருக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கார் எங்கே பிறந்தது என்று பாருங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜே என்று தொடங்கினால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி, எல் என்றால் சீனா. ஆனால் முதல் மூன்று எழுத்துகள் சொல்வது தயாரிப்பாளரைத்தான். தொழிற்சாலையைக் குறிப்பது பெரும்பாலும் 11-வது இடம். அதனால் முதல் எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், தகட்டில் நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பெனிப் பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்யவே கூடாது. லேண்ட் ரோவர் பிரிட்டிஷ் பெயர்தான், ஆனால் டிஃபெண்டர் ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம் காருக்கான வரியை ஓர் ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் 10 சதவீதம் வரை இறக்குகிறது. பெயர் பிரிட்டிஷ் என்பதற்காக நித்ராவில் செய்த கார் அந்தக் கணக்கில் சேராது.

அயித்தானின் கார் ஜே, தகட்டிலும் ஜப்பான்தான். பினாங்கில் வாங்கியதால் அது மலேசியக் கார் ஆகிவிடவில்லை. ஆசியான் பேச்சு அதோடு முடிந்தது.

படி 2: எந்த உருவத்தில் எல்லை தாண்டுகிறது?

விஷயமே இதில்தான் இருக்கிறது. ஒரே காருக்கு, வரும் உருவத்தைப் பொறுத்து வரி மூன்று விதம். பாகம் பாகமாக, எஞ்சினும் கியர்பாக்ஸும் பூட்டாமல் வந்து இங்கே கோக்கப்பட்டால் அடிப்படைச் சுங்கவரி 15 சதவீதம். எஞ்சினோ கியர்பாக்ஸோ முன்பே பூட்டப்பட்டு, ஆனால் சேசிஸில் ஏற்றாமல் வந்தால் 35. முழுக் காராகவே வந்தால் 70. அதுவும் காப்பீடு, கப்பல் கூலி சேர்த்து விலை 40,000 டாலருக்குள் இருந்தால்தான். அதைத் தாண்டினால் வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வை 40 சதவீதம் கூடி 110. (ஏசி காருக்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று அயித்தான் கேட்டார். நியாயமான கேள்விதான்.)

பிஎம்டபிள்யூ 2007-லிருந்து செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார் கோப்பது இதனால்தான். ரேஞ்ச் ரோவரை புனேயில் கோக்கப் போவதாக 2024-ல் அறிவித்ததும் விலை நன்றாக இறங்கியது.

படி 3: பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்கள்

புதுக் கார், இந்தியத் துறைமுகம் வரை விலை 30 லட்சம், 40,000 டாலருக்குள் என்று வையுங்கள். சுங்கம் 70 சதவீதம், அதாவது 21 லட்சம். ஆக 51 லட்சம். ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, அந்த 51 லட்சம் முழுவதற்கும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம், அதாவது 20.40 லட்சம். மொத்தம் 71.40 லட்சம். இதே 30 லட்சம் பாகங்களாக வந்திருந்தால் அடிப்படைச் சுங்கம் வெறும் 4.50 லட்சம். இந்த இடைவெளியைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு ஆசை போய்விடும்.

மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சுங்கத்தில் பெரிய சலுகை கிடையாது. டெஸ்லா மாடல் ஒய் ஷாங்காயில் செய்யப்பட்டு 2025 ஜூலையில் இங்கே ஏறக்குறைய 60 லட்சத்துக்கு வந்தது அதனால்தான்.

படி 4: பழைய கார் என்றால்

தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். தூத்துக்குடி எட்டும் தூரத்தில் இருந்தும், பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரலாம். வரி, அடிப்படைச் சுங்கம் 70-உம் வேளாண் தீர்வை 67.5-உம் சேர்ந்து 137.5 சதவீதம். அயித்தான் காரின் மதிப்பு 30 லட்சம் என்றால் சுங்கம் மட்டும் 41.25 லட்சம்! ஊர் திரும்புகிறவர்களின் சாமான் சலுகையிலும் கார் வராது, அதையும் கேட்டுவிட்டார்.

அப்புறம் தமிழ்நாட்டு ஆயுள் வரி இருக்கிறது. புதுக் கார் 20 லட்சத்துக்கு மேல் என்றால் 20 சதவீதம். இதைச் சொல்லும்போது போனில் சத்தமே இல்லை.

“சரி, கல்யாணத்துக்கு வாடகைக் காருக்குச் சொல்லிவிடு” என்றார் கடைசியில். சொல்லிவிட்டேன். வருவது செங்கல்பட்டில் கோத்த பிஎம்டபிள்யூ.