பெடலை விட்டதும்தான் கேட்டது

மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் சுமாராகப் பழகியபின், அதே போன்ற உலோகக் கட்டை வாத்தியமான வைப்ரஃபோனுக்கு மாறினேன். பதிவு செய்து கேட்டால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சேறு. மரிம்பாவின் மரக்கட்டை ஒலி தானாகவே சீக்கிரம் அடங்கிவிடும்; வைப்ரஃபோனின் அலுமினியக் கட்டை, பெடலை அழுத்தியிருக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். என் கால் முழுநேரமும் பெடலின் மேல்தான்.

முதலில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும்போதெல்லாம் பெடலை விட்டுப் பார்த்தேன். சேறு போனது, ஆனால் மெட்டு துண்டு துண்டானது. அதுவும் சகிக்கவில்லை.

தீர்வு மேலட்டில், அதாவது கட்டையைத் தட்டும் கோலில் இருந்தது. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று கார்டுகள் வரும் இடத்தில், ஜி 7-இன் எஃப் ஸ்வரம் அடுத்த கார்டின் ஈ-க்கு இறங்கும். பெடலை அழுத்தியபடியே, வலக்கை ஈ-யைத் தட்டும் அதே கணத்தில் இடக்கை மேலட்டின் தலையை எஃப் கட்டையின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். எஃப் மட்டும் அடங்கும், மற்றவை ஒலிக்கும். அழுத்த வேண்டும், தட்டக் கூடாது! முதல் வாரம் எனக்கு 'டொக்' என்றுதான் கேட்டது. நூல் சுற்றிய மென்மையான மேலட்டுக்கு மாறியதும் அது குறைந்தது.

தினமும் பத்து நிமிடம், இந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும். அப்புறம் பன்னிரண்டு சுருதியிலும். மேல் வரிசைக் கட்டையிலிருந்து (பியானோவில் கறுப்புக் கட்டை) கீழ் வரிசைக்கு இறங்கும்போது இப்போதும் மணிக்கட்டு கொஞ்சம் தடுமாறுகிறது. ஒலியை நடுங்கவைக்கும் வைப்ரஃபோனின் மோட்டாரையும் அணைத்துவிட்டேன், அந்த நடுக்கத்தில் என் தவறுகள் ஒளிந்துகொண்டிருந்தன.