ஊரில் வீடு கட்டுகிறீர்களா? உங்கள் தரப்புக்கு ஒரு இன்ஜினியரை வைத்துக்கொள்வது எப்படி

வேலை பெங்களூரிலோ ஓசூரிலோ இருக்கும். மனை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காரிமங்கலம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் இருக்கும். வீடு கட்டும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஞாயிறு அன்றைக்குப் பெரும்பாலும் வேலையே நடக்காது. நாம் பார்ப்பதெல்லாம் மூடி முடித்த வேலைதான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு ஒரு புதன்கிழமை ரூஃப் போட்டார்கள். ஞாயிறு போனபோது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தது, மனசுக்கு நிறைவாக இருந்தது. சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகையையும் முட்டையும், பிரித்த பிறகுதான் தெரிந்தது, அடியில் மூன்று இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. கம்பிக்கும் பலகைக்கும் இடையில் வைக்க வேண்டிய கவர் பிளாக்கை வைக்கவே இல்லை. "பூசிட்டா தெரியாதுங்க" என்றார் கான்ட்ராக்டர். கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் காற்றும் ஈரமும் பட்டுக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்காதே. மாடிக்கு எங்கள் தரப்பில் ஒரு இன்ஜினியரை வைத்தோம். அப்போது கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், யார் உங்கள் ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர் அவருடைய சம்பளக்காரர். பிளான் போட்டுக் கொடுத்தவரின் வேலை, தனியாகப் பேசியிருந்தால் ஒழிய, அனுமதி கிடைத்ததோடு முடிந்துவிடும். வீட்டுக்கடனுக்காக வரும் பேங்க் இன்ஜினியர், எந்த அளவுக்கு வேலை முடிந்திருக்கிறது என்று பேங்குக்காகப் பார்த்துவிட்டுப் போவார். பில்லர், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

உங்களிடம் மட்டும் சம்பளம் வாங்கி உங்களுக்காக மட்டும் பார்ப்பவர் வேண்டும். பெரிய ஆலை, அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இவரை ஓனர்ஸ் ரெப்ரசன்டேடிவ் என்பார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் இந்த ஆள் தேவைதான், முழுநேரமும் இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எப்போது வைப்பது?

கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால். நான் பிந்திச் செய்தேன், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பேசும்போதே என்னென்ன அதில் அடக்கம் என்று கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயங்களை அப்போதே அவர் பேசிவிடுவார். ஒன்று, பாறை. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும்போது மூன்றடியில் பாறை வருவது நமக்கு அதிசயம் இல்லை. உடைக்கும் கூலி யார் தலையில் என்று முன்பே எழுதாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஒரு மூலையில் பாறையும் மறு மூலையில் மேடுபடுத்திய மண்ணும் இருந்தால் அஸ்திவாரம் ஒரே சீராக அமராது, சுவரில் விரிசல் விழும். அதற்கு டிசைனையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, போர்வெல் தண்ணீர். நம் மாவட்டங்களில் தண்ணீர் என்றாலே புளோரைடு ஞாபகம் வரும். அது குடிப்பவர்களுக்கான கவலை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். கான்கிரீட்டுக்குப் பார்க்க வேண்டியது குளோரைடும் சல்பேட்டும். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீராக இருந்தால் லேபில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வானமே தோண்ட வேண்டும்.

ஆளைத் தேடுவது

பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை, ஊராட்சி ஒன்றியங்களில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருக்கிறார்கள். அளவுப் புத்தகம் எழுதியே பழகிய கை அவர்களுடையது. சிவில் டிப்ளமோ முடித்து ஏழெட்டு வருடம் சைட்டில் நின்றவர்களும் நல்ல தேர்வு. சமீபத்தில் வீடு கட்டிய நாலு பேரை விசாரித்தாலே ஆள் கிடைப்பார். கான்ட்ராக்டர் காட்டும் ஆளை மட்டும் எடுக்காதீர்கள். நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு "இதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள்" என்று அவரால் சொல்ல முடியாது.

பேசும்போது மூன்றைக் கேளுங்கள். இந்தக் கான்ட்ராக்டரோடு முன்பு வேலை செய்திருக்கிறீர்களா? ஹார்டுவேர் கடை, டைல்ஸ் கடையில் கமிஷன் உண்டா? இப்போது எத்தனை சைட் பார்க்கிறீர்கள்? அப்புறம், அரை நாள் சம்பளம் கொடுத்து, நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு சைட்டுக்கு அனுமதி கேட்டுக் கூட்டிப் போங்கள். பேச்சில் தெரியாதது அங்கே தெரியும். நாங்கள் வைத்தவர் உள்ளே நுழைந்ததும் யாரோடும் பேசவில்லை. எம்-சாண்டை, அதாவது கல்லை அரைத்துச் செய்த மணலை, கையில் அள்ளி இறுக்கிப் பார்த்தார், உள்ளங்கையில் ஒட்டிய பவுடரைக் காட்டினார். மணல் கொண்டுவந்த லாரியின் பாடியை டேப் பிடித்து அளந்தார். நீளம் 12 அடி, அகலம் 6 அடி, உயரம் இரண்டரை அடி. 180 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, பில்லில் இருந்ததோ இரண்டு யூனிட். அந்த இடத்திலேயே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

சம்பளமும் கடிதமும்

மொத்தச் செலவில் சதவீதம் என்று பேசாதீர்கள். செலவு ஏறினால் அவர் வருமானமும் ஏறும், அது நமக்கு ஒத்து வராது. ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பேசுவதே சிறிய வீட்டுக்குச் சரி. பேசியதைத் தாமதமில்லாமல் கொடுத்துவிடுங்கள். நாம் இழுத்தடித்தால் வேறு யாராவது கொடுக்க முன்வருவார்கள்.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, ஒரு நகல் கான்ட்ராக்டருக்கும் கொடுங்கள். அவர் செய்யக்கூடியது: சரியில்லாத பொருளைத் திருப்பி அனுப்புவது, தான் பார்க்காமல் கான்கிரீட் போடவிடாமல் நிறுத்துவது, அளவை உறுதி செய்வது. செய்யக்கூடாதது: பிளானை மாற்றுவது, எக்ஸ்ட்ரா வேலைக்குச் சம்மதிப்பது, உங்கள் பணத்தைக் கையாள்வது. உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எல்லாம் இதற்குத் தேவையே இல்லை, கொடுக்கவும் கூடாது.

குறை இருந்தால் அவர் மேஸ்திரியிடமும் கான்ட்ராக்டரிடமும்தான் சொல்ல வேண்டும். கொத்தனாரையும் சித்தாளையும் நேராக ஏவினால், பிறகு எது தப்பானாலும் "உங்க சார் சொன்னார், செஞ்சோம்" என்று முடித்துவிடுவார்கள்.

எந்தெந்த நாளில் வர வேண்டும்?

மூடப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால். வானம் தோண்டி முடித்ததும், அடிக்கம்பி கட்டியதும், பில்லர் பெட்டி அடைக்கும் முன், பெல்ட் (அஸ்திவாரத்துக்கு மேல் சுற்றி வரும் பீம்), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), ரூஃப் கம்பி, சுவரில் பைப் பதித்த பின் பூச்சுக்கு முன், பாத்ரூம் தரையில் டைல்ஸ் ஒட்டும் முன். இவை தவிர கான்கிரீட் போடும் நாள் முழுக்க அவர் சைட்டில் இருக்க வேண்டும். கலவை இறுகலாக இருக்கிறது என்று மிக்சரில் கூடுதலாக ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவது அன்றைக்குத்தான். அந்த ஒரு பக்கெட் கான்கிரீட்டின் பலத்தையே குறைத்துவிடும்.

மாடி ரூஃபுக்கு முந்தைய நாள் எங்கள் இன்ஜினியர் ஒரு பீமில் டேப்பை நீட்டிப் போட்டோ அனுப்பினார். வரைபடத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங், அங்கே எட்டரை. சாயங்காலத்துக்குள் கூடுதல் ரிங் கட்டினார்கள். டேப் வைக்காமல் எடுத்த போட்டோ எதையும் நிரூபிக்காது, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கம்பி லோடு வரும்போது நீங்களே ஒரு கணக்குப் போடலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மிமீ கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய பத்தே முக்கால் கிலோ. நூறு கம்பி எண்ணினால் எடைமேடைச் சீட்டில் 1,070 கிலோ பக்கம் இருக்க வேண்டும்.

நனைப்பதற்கும் ஒரு ஆளை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பிபிசி (PPC, சாம்பல் போன்ற பொருள் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள்.

பணம்

"இந்த வாரம் கூலிக்கு ஒரு லட்சம் போடுங்க" என்று போன் வரும். கான்ட்ராக்டர் பில் தரட்டும், உங்கள் ஆள் அளந்து கையெழுத்துப் போடட்டும், அதன்பிறகு நீங்கள் நேராகக் கான்ட்ராக்டர் கணக்குக்கு அனுப்புங்கள். எக்ஸ்ட்ரா எதுவானாலும் வேலைக்கு முன்பே தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே இடம் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி வருகை

கிரகப்பிரவேசத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய நாள் வேண்டாம். எல்லாக் குழாயையும் திறந்து, பாத்ரூமில் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டு, கதவு ஜன்னலை மூடித் திறந்து, அறை அறையாகக் குறை எழுதட்டும். அது சரியான பிறகு நிறுத்திய பணத்தில் பாதி, ஒரு மழைக்காலம் கழித்து மீதி. கூடவே கம்பி வரைபடத்தையும், பூச்சுக்கு முன் எடுத்த பைப், ஒயர் போட்டோக்களையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். போன மாதம் அம்மாவுக்குச் சமையலறையில் ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லை வைத்தேன், ஒயர் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது.